முழு டேங்கில் மட்டும் வந்த வாடை

எங்கள் பகுதி மெக்கானிக் சங்கத்தில் ஆண்டு விழா நடத்தி மலரும் போடுகிறார்கள். வேலையை விட்டு ஒதுங்கியவர்களைக் கூப்பிட்டு மேடையில் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன் நான். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தித் தந்தாள். விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது வேலையில் இருக்கும் தம்பிகள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். "இப்ப வர்ற வண்டில டேங்க் மூடி சரியா மூடலன்னாலே லைட்டு எரிஞ்சு சொல்லிருது. மிஷினைச் சொருகுனா எங்க கசிவுன்னு நம்பர் வருது. நீங்க வெறும் மூக்க வச்சு எப்படிண்ணே கண்டுபிடிச்சீக?" நான் கண்டுபிடித்த கதைகளை எதிர்பார்த்துக் கேட்டிருப்பார்கள். நான் எழுதப்போவது கண்டுபிடிக்காமல் விட்ட கதை.

விளாங்குடியில் பிறந்து, பதினோரு வயதில் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்து, பெட்ரோலில் வண்டிச் சாமான் கழுவி, பிறகு ஸ்பேனர் பிடித்து, முப்பது வயதுக்கு மேல் காளவாசல் பக்கம் ஒரு ஷெட்டில் தலைமை மெக்கானிக்காக உட்கார்ந்தேன். அந்த ஷெட்டை நடத்தியவர் ரஹீமா அக்கா. அவர் கணவர் இறந்தபோது ஷெட்டை விற்றுவிடச் சொல்லிப் பலரும் வந்தார்கள். அக்கா விற்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து கணவரின் மேசையில் உட்கார்ந்தார். அவருக்கு ஸ்பேனர் நம்பர் தெரியாது. ஆனால் எந்த வண்டியும் அவர் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் வெளியே போகாது.

"வண்டிய எடுத்துட்டுப் போறவன் பொண்டாட்டி மாதிரி உக்காந்து பாப்பேன். மெக்கானிக் மாதிரி பாக்க நீங்க இருக்கீங்கள்ல" என்பார்.

அக்கா யாரையும் மற்றவர்கள் முன்னால் திட்டியதில்லை. திட்ட வேண்டியிருந்தால் பின்பக்கம் காற்றடிக்கும் கம்ப்ரசர் பக்கத்தில் கூப்பிடுவார். முதலில் கம்ப்ரசரைப் போடச் சொல்வார். அது தடதடவென்று ஓடும் சத்தத்தில்தான் பேசுவார். திட்டு வாங்கியவனுக்கு மட்டும்தான் என்ன வாங்கினான் என்று தெரியும். வெளியே நிற்பவர்களுக்கு டயருக்குக் காற்றடிக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

பெட்ரோல் வாடை என்று வரும் வண்டிக்கு எங்கள் ஷெட்டில் தனி முறை உண்டு. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு டாக்டரின் கார் பத்து நாளில் மூன்று முறை வாடை என்று திரும்பி வந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தோம். கடைசியில் சீட்டுக்கு அடியில் நாங்களே முதல் தடவை விட்டுவிட்ட, பெட்ரோலில் நனைத்த துணி கிடந்தது. ஷெட்டில் இருப்பவன் சட்டையில் பெட்ரோல், கையில் பெட்ரோல், நகக்கண்ணில் பெட்ரோல். அவன் வண்டிக்குள் ஏறினால் வாடையும் ஏறுகிறது. அவன் மூக்கோ அந்த வாடைக்குப் பழகிப்போய்ச் செத்துக் கிடக்கிறது. அன்று அக்கா சட்டம் போட்டார். வாடை பார்ப்பது காலையில், முதல் வேலையாக. வீட்டிலிருந்து துவைத்த சட்டையோடு வர வேண்டும். எதையும் தொடக் கூடாது. டீ குடிக்கக் கூடாது. வண்டியை முந்தின நாளே ஷெட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்திக் கண்ணாடியை ஏற்றி வைத்திருக்க வேண்டும்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுவேன். பிறகு கதவைத் திறந்து, தலையை உள்ளே விடாமல் கீழே குனிவேன். பெட்ரோல் ஆவி கனமானது, தரையோடு கிடக்கும். நின்றுகொண்டு மோந்தால் பாதிதான் தெரியும். மண்டி போட்டு, கால் வைக்கும் தகரத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனால் இன்ஜின் பக்கத்திலிருந்து வருகிறதா, டேங்க் பக்கத்திலிருந்தா என்று பிரித்துச் சொல்லிவிடுவேன். அதன் பிறகுதான் கைக்கு வேலை. குழாய்கள், மூட்டுகள் எல்லாவற்றிலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுவோம். கசிவு இருக்கும் இடத்தில் பவுடர் நனைந்து கறுக்கும். அந்தப் பவுடர் டப்பாவை அக்காதான் வாங்கி வைப்பார். "எனக்கு வாங்குறத விட இந்த வண்டிகளுக்குத்தான் அதிகமா பூசுறேன்" என்று சிரிப்பார்.

இந்த வேலையால் எனக்கு ஒரு பெயர் வந்தது. வெளியூர்க்காரர்கள் கூட "விளாங்குடி மூக்கு எங்க இருக்காரு?" என்று கேட்டு வருவார்கள். பக்கத்து ஷெட்டுக்காரன் கேலி செய்வான். "மாப்ள, நீ டீக்கடையத் தாண்டிப் போனாலே வடை சுட்ட எண்ணெய் எத்தன நாளு எண்ணெய்ன்னு சொல்லிருவ." எனக்குப் பேச வராது. கூட்டத்தில் ஓரமாக நிற்பவன். அந்த மூக்குதான் எனக்குப் பதிலாகப் பேசியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா வந்தபோது எனக்கும் வந்தது. நான்கு நாள் காய்ச்சல், ஒரு வார இருமல். பெரிதாக ஒன்றுமில்லை. எழுந்து ஷெட்டுக்குப் போன முதல் நாள் சாமான் கழுவும் தட்டில் பெட்ரோலை ஊற்றினேன். தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. உள்ளங்கையில் விட்டு மூக்குக்கு நேரே பிடித்தேன். ஒன்றும் இல்லை. குளிர்ச்சி மட்டும் தெரிந்தது.

எல்லாருக்கும் போய்த் திரும்பி வருகிறது, எனக்கும் வரும் என்று இருந்தேன். ஒரு மாதம் ஆயிற்று, மூன்று மாதம் ஆயிற்று, வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூட. அவள் போட்டதைச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்பேன். ஷெட்டில் பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். அவன் சுளித்தால் நானும் சுளிப்பேன். வண்டி வெளியே போகும்போது அக்கா ஏறி உட்கார்ந்து பார்ப்பார் என்ற தைரியம் இருந்தது. அப்படியே ஓட்டிவிட்டேன்.

அக்காவின் மகளுக்குத் திண்டுக்கல்லில் பிரசவம் ஆனது. அக்கா நாற்பது நாள் அங்கே இருந்துவிட்டு வருவதாகப் புறப்பட்டார். போகும்போது, "வண்டி டெலிவரி எல்லாம் நீ பாத்துக்க செல்வம். உன் மூக்கு என் மூக்குக்கு மேல" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அவர் கிளம்பிப் போன அதே வாரம்தான் ஒச்சப்பனின் லாரி வந்தது.

ஒச்சப்பன் நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே ஒரு ஊர்க்காரர். விவசாயக் குடும்பம். அவரும் அவர் மனைவி பேச்சியம்மாளும் கல்யாணம், காதுகுத்துக்குச் சமைத்துக் கொடுக்கிறவர்கள். சமையல் பேச்சியம்மாள், பாத்திரமும் வண்டியும் ஒச்சப்பன். அந்த வண்டி பட்டாளத்தில் ஓடி ஏலத்தில் வந்த பழைய ஒரு டன் லாரி. பெட்ரோல் இன்ஜின். இதுபோன்ற வண்டிகளுக்கு எல்லாரும் டீசல் இன்ஜின் மாற்றிவிட்டார்கள். மாதத்துக்கு ஐந்தாறு நாள் ஓடுகிற வண்டிக்கு எதற்கு என்று இவர் அப்படியே வைத்திருந்தார். டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும்.

"அண்ணே, இவளுக்கு வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை அடிக்குதாம்" என்றார் ஒச்சப்பன்.

"என்ன அடிக்குதாம்? அடிக்குது" என்றார் பேச்சியம்மாள்.

"எனக்கு ஒன்னும் தெரியலையே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு ஒரு டப்பி மூக்குப்பொடிய ஏத்துறீக. அது மூக்கா, பொடி மூட்டையா?"

ஒச்சப்பன் சிரித்தார். அவருக்கு வாடை தெரியாததற்குக் காரணம் அதுதான். வேலைக்கு வரும் பெண்கள் பின்னால் திறந்த வண்டியில் வருகிறவர்கள், அவர்களுக்கும் தெரியாது. முன்னால் உட்காருவது பேச்சியம்மாள் மட்டும். "வீட்டுக்குப் போயி சேலைய அவுத்துப் போட்டாலும் அந்த வாடை வருதுண்ணே. மண்டை இடிக்குது. ஆறு கேஸ் சிலிண்டர பின்னாடி வச்சுக்கிட்டு இதுல போறோம். எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

மறுநாள் காலை துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். மண்டி போட்டேன். மூக்கைக் கொண்டுபோனேன். காற்று உள்ளே போவது தெரிந்தது. அவ்வளவுதான். கண்ணால் தேடினேன். கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் கேஸ்கட் அட்டை இற்றுப்போய் ஓரம் நனைந்திருந்தது. அதை மாற்றினேன். உண்மையிலேயே ஒரு கசிவைச் சரிசெய்துவிட்டதால், அதுதான் காரணம் என்று நம்பினேன். நம்ப விரும்பினேன்.

வண்டியை எடுக்க ஒச்சப்பன் தனியாக வந்தார். வழக்கப்படி கண்ணாடியை ஏற்றி உள்ளே உட்கார்ந்து, கண்ணை மூடி, நன்றாக இழுத்துப் பார்த்தேன். இறங்கி, "ஒன்னும் இல்லண்ணே" என்றேன்.

அது பொய்யா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது உண்மை.

இரண்டு வாரத்தில் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை பேச்சியம்மாள் வண்டியை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தார். "விசேஷ வீட்டுக்குப் போறப்ப அடிக்குது. இங்க கொண்டு வர்றப்ப அடிக்கல. என்ன மாயமோ தெரியலண்ணே" என்றார். அவர் சொன்ன அந்த வார்த்தையை நான் கையில் பிடித்திருக்க வேண்டும். எந்த நேரத்தில் வாடை, எந்த நேரத்தில் இல்லை என்பதுதான் இந்த வேலையில் முதல் கேள்வி. என் கவனமெல்லாம் என் மூக்கை மறைப்பதில் இருந்தது. அந்த அம்மாள் முகத்தை நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாய் பழசாக இருந்தது. மாற்றினேன். டேங்கில் வேலை என்றால் பெட்ரோலை வடித்து வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். வடித்தேன், ஐந்து லிட்டர்கூட இல்லை. டேங்கைச் சுற்றிப் பவுடர் தூவி ஒரு நாள் விட்டேன். எங்கும் நனையவில்லை. முன்போலவே உள்ளே உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்துவிட்டு ஒச்சப்பனிடம், "டேங்கையும் பாத்துட்டேண்ணே. இனிமே வாடை வந்தா அது வண்டி வாடை இல்ல" என்றேன்.

அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை நான். அன்று ஏன் பேசினேன் என்று தெரியாது. அந்த ஒரு வாக்கியம் அவர்கள் வீட்டுக்குள் போய் என்ன செய்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்து அந்த லாரி வந்தது ஒரு புதன்கிழமை முற்பகலில். ரஹீமா அக்கா அன்று காலைதான் திண்டுக்கல்லிலிருந்து திரும்பி மேசையில் உட்கார்ந்திருந்தார். வண்டி வாடைக்காக வரவில்லை. பின்னால் பிரேக் லைட் எரியவில்லை, ஒயரைப் பார்த்துக் கொடுங்கள் என்று ஒச்சப்பன் வாசல் சரிவிலேயே நிறுத்தினார். வண்டி நிறைய பாத்திரம், சிலிண்டர்கள், காய்கறிக் கூடைகள். கல்யாண வீட்டுக்குப் போகிற வழி. வேலைக்காரப் பெண்கள் நாலு பேர் பின்னால் இருந்தார்கள். அவர்களோடு தேக்சா பாத்திரத்துக்கும் கூடைக்கும் நடுவில் பேச்சியம்மாளும் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, அந்தம்மா பின்னாடி ஏறிட்டாக?" என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

ஒச்சப்பன் குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி உக்காந்தா வாடை வாடைன்னு உசுர வாங்குறாண்ணே. நீங்கதான் வண்டி வாடை இல்லைன்னுட்டீகளே. ஆஸ்பத்திரில காட்டுனோம், தலைவலிக்கு மாத்திரை குடுத்தாக. எங்க ஆத்தா இவளக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி துன்னூறு போட்டுக் கூட்டியாந்துச்சு. ஒன்னும் கேக்கல. இப்ப சாம்பார்ல உப்புப் பாக்குறதுக்கே வேற ஆளக் கூப்பிடுறாக. மூக்கு இப்படி இருக்குறவ நாக்கு எப்படி இருக்கும்னு எங்கண்ணன் கேட்டுட்டாரு."

பிரேக் லைட் ஒயரை முறுக்கி டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் பின்னாலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் இல்லை அவரிடம். அதுதான் தாங்க முடியவில்லை.

"அண்ணே, ஒன்னே ஒன்னு கேக்குறேன். நான் கோவிச்சுக்க மாட்டேன். நீங்க உள்ள உக்காந்து பாத்தீகள்ல, அப்ப நெசமாவே வாடை இல்லையா? இல்லைன்னா சொல்லிருங்க. இந்தக் கல்யாணத்தோட நான் கரண்டியக் கீழ வச்சுர்றேன். வாடை சரியாத் தெரியாதவ சமைக்கக் கூடாதுல்ல?"

எதிரில் ஆறு சிலிண்டர். நாலு பெண்கள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒச்சப்பன், பக்கத்து ஷெட்டுக்காரன், மேசையில் அக்கா. நாலு பேர் முன்னால் பேச வராத நான் பேசினேன்.

"எனக்கு வாடையே தெரியாதும்மா."

"என்னது?"

"கொரோனா வந்ததுல இருந்து எந்த வாடையும் தெரியாது. பெட்ரோலும் தெரியாது, மல்லிகைப்பூவும் தெரியாது. நான் சும்மாதான் உக்காந்து பாத்தேன்."

அக்கா எழுந்து வந்தார். என்னைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போய் லாரியின் முன்கதவைத் திறந்தார். திறந்த கையோடு முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு ஓரடி பின்னால் வந்தார்.

"யா அல்லா. எல்லாரும் எறங்குங்கம்மா. எறங்குங்க. யாரும் சாவியத் தொடாதீங்க. செல்வம், பேட்டரி ஒயரக் கழட்டு."

ஒயரைக் கழற்றி நிமிர்ந்தபோது ஒச்சப்பன் என் சட்டையைப் பிடித்தார். "ரெண்டு தடவ. ரெண்டு தடவ உள்ள உக்காந்து கண்ண மூடி நாடகம் போட்டியேடா. உன் பேச்ச நம்பி என் பொண்டாட்டியக் கிறுக்கியாக்கிட்டேனேடா." அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை எடுத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து ஷெட்டுக்காரன் தன் லோடு வண்டியைக் கொண்டு வந்தான். சிலிண்டர், பாத்திரம், கூடை எல்லாவற்றையும் மாற்றி ஏற்றி, பெண்களை அனுப்பினோம். பேச்சியம்மாள் மட்டும் போகவில்லை. "காய் நறுக்க ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள வந்துர்றேன். எங்க இருந்து வருதுன்னு பாக்காம நான் போக மாட்டேன்" என்று நின்றார்.

சீட்டைத் தூக்கினேன். டேங்கின் மேலே காய்ந்து கிடந்தது. கீழே படுத்துப் பார்த்தேன், சொட்டு இல்லை. பவுடர் தூவினேன், நனையவில்லை. மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தேன். குச்சி கழுத்துவரை நனைந்து வந்தது.

"என்னண்ணே, டேங்க் ரொம்பி இருக்கு?" என்று கேட்டேன்.

ஒச்சப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "விசேஷத்துக்குப் போறப்ப ரொப்பிருவேன். ஷெட்டுக்கு வர்றப்ப ரொப்ப மாட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா? ஷெட்டுல விட்டா பெட்ரோல உருவிருவீகள்ல. சாமான் கழுவ எடுத்துக்கிருவீக. எல்லாருந்தான் காலி பண்ணிட்டுக் கொண்டாருவாக."

உண்மைதான். டேங்கில் இருப்பதை உருவிச் சாமான் கழுவாத ஷெட் எனக்குத் தெரிந்து கிடையாது. அதற்குப் பயந்து வண்டிக்காரர்கள் ஒட்ட ஓட்டிவிட்டுத்தான் கொண்டு வருவார்கள். நாங்களும் வேலை தொடங்குமுன் மிச்சத்தை வடிப்போம். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் நம்பாமல் காலி டேங்கை வைத்துக்கொண்டு கசிவைத் தேடியிருக்கிறோம். விசேஷத்துக்குப் போகும்போது அடிக்கிறது, இங்கே வரும்போது அடிக்கவில்லை என்று அந்த அம்மாள் சொன்னது அச்சு அசலான துப்பு. அதைக் கேட்க என் காது இல்லாமல் போயிற்று.

"அப்ப கசிவு மேல்பக்கம்தான்" என்றேன். "ஆனா எந்த எடத்துலன்னு கண்ணுக்குத் தெரியல. எனக்கு..."

"தள்ளுங்க" என்றார் பேச்சியம்மாள். சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு வண்டிப் படியில் மண்டி போட்டார். நான் எப்படிச் செய்வேனோ அப்படியே, யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு ஓரத்திலிருந்து மூக்கை நகர்த்திக்கொண்டே வந்தார். டேங்கைச் சேர்த்துப் பிடித்திருந்த இரண்டு இரும்புப் பட்டைகளில் இடது பட்டையில் நின்றார். "இங்க. இதுக்கு அடில."

பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில், உராயாமல் இருக்கத் தடித்த கம்பளித் துண்டு ஒன்று வைத்திருப்பார்கள். பட்டாளத்தில் வைத்தது, அதை யாரும் கழற்றியதே இல்லை. பொறி வராமல் மெதுவாக போல்ட்டைத் தளர்த்திக் கம்பளியை உருவினேன். பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. அதற்கு அடியில் டேங்கின் இரண்டு தகடும் சேரும் மேல் தையலில் முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு. டேங்க் நிறைந்து, வண்டி சரிவில் சாய்ந்தால் மட்டும் ஊறும். ஊறுவதையெல்லாம் கம்பளி குடித்துக்கொள்ளும். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழாது. கம்பளியில் இருப்பது நாளெல்லாம் ஆவியாகி உள்ளே உட்காருகிறவர் மடியில் ஏறும்.

அந்தக் கம்பளியை அக்கா வாங்கி மோந்து பார்த்து முகத்தைத் திருப்பினார். பக்கத்து ஷெட்டுக்காரன் மோந்தான். ஒச்சப்பன் வாங்கி, பொடி போட்ட மூக்கில் அழுத்தி வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். கண்ணில் நீர் வந்தது. மனைவியிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு?" என்றார் பேச்சியம்மாள். "நாந்தான் இம்புட்டு நாளா மோந்துக்கிட்டு இருக்கேன்ல."

கம்பளி என் கைக்கு வந்தது. நானும் மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

அவர்கள் கல்யாண வீட்டுக்குப் போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார். பின்பக்கம் போனேன். அக்கா கம்ப்ரசரைப் போடச் சொல்லவில்லை.

"உனக்கு மூக்கு போனதுக்கு நான் என்ன சொல்லப் போறேன்? என் வீட்டுக்காரர அந்த மாதிரி ஒரு காய்ச்சல்தான் கொண்டுபோச்சு. வந்து சொல்லியிருந்தா நான் பாத்துக்கிருவேன்ல. நாப்பது நாளு நான் இல்லாதப்ப, நான் உக்காந்து பாத்த மாதிரி நீ வண்டிய விட்டிருக்க. ஜனங்க என்னைய நம்பி ஏறுறாங்க செல்வம்."

"நான் நின்னுக்கிறேங்க்கா."

"நின்னுட்டா சரியாப் போச்சா? நாளையிலருந்து பிரேக்கு, கிளட்சு பாரு. பெட்ரோல் வேலைல கை வைக்காத. வர்ற எல்லார்கிட்டயும் எனக்கு மூக்கு தெரியாதுன்னு நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தேன். ஒவ்வொருவரிடமும் சொன்னேன். விளாங்குடி மூக்கு என்று கேட்டு வந்தவர்களிடமும் சொன்னேன். எனக்கு அதைவிடக் கடினமான வேலை எதுவும் இருந்ததில்லை. இடுப்பு வலி வந்து வேலையை விட்டபோது, அதைச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் முதலில் தோன்றிய நிம்மதி.

ஒச்சப்பன் லாரியின் பழைய டேங்கை வெல்டிங் வைக்க அக்கா விடவில்லை. புது டேங்க் செய்து போட்டோம். இந்தத் தடவை கழுத்துவரை பெட்ரோல் ஊற்றி, வாசல் சரிவில் இடப்பக்கம் சாய்த்து இரண்டு நாள் நிறுத்தினோம். மூன்றாம் நாள் பேச்சியம்மாள் வந்து, கண்ணாடியை ஏற்றி, தனியாக உள்ளே உட்கார்ந்தார். நாங்கள் வெளியே நின்றோம். ஒச்சப்பன் கண்ணாடிக்கு வெளியிலிருந்து, "என்ன சொல்ற?" என்று கேட்டார். பேச்சியம்மாள் கண்ணாடியை இறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, "எடுங்க" என்றார்.

அப்போது நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கும்பிட்டு, "தப்புத்தாம்மா" என்றேன்.

"என்கிட்ட எதுக்குண்ணே கேக்குறீக? வாடை இருக்குன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவுக எங்க வீட்டுல இருக்காக. அங்க வந்து சொல்லுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மேசையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். ஏறினேன்.

ஊருக்குள் அவர்கள் வீடு. வாசலில் ஒச்சப்பனின் அம்மா சுளகில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மெக்கானிக் வந்திருக்காரு, ஒங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் என்னைத் தாண்டி அடுப்படிக்குள் போய்விட்டார். ஒச்சப்பன் வண்டியை நிறுத்தும் சாக்கில் வெளியே நின்றுகொண்டார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

"வண்டில பெட்ரோல் வாடை இருந்துச்சும்மா. டேங்க் வெடிச்சிருந்துச்சு. எனக்குத்தான் மூக்கு தெரியாது. தெரியாதுன்னு சொல்லாம, வாடை இல்லைன்னு சொல்லிட்டேன். உங்க மருமக சொன்னதுதான் நெசம். மொதல்ல இருந்தே நெசம்."

அண்ணன் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அந்த அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப அவளக் கோயிலுக்கு இழுத்துக்கிட்டு அலைஞ்சேனே, துன்னூறு போட்டனே, அது?"

"அது என்னால போட்டதும்மா."

"ஆம்பள நீ சொன்னன்னு நம்புனோம்" என்றார் அவர். உட்காரச் சொல்லவில்லை. நான் போகவும் இல்லை. அவர் மறுபடி பருப்பைப் புடைக்கத் தொடங்கினார். பிறகு அவர் மூக்கை உயர்த்தி, அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏ பேச்சி, என்னமோ கருகுற மாதிரி இருக்கு. உலையப் பாரு."

"நம்ம வீட்டுல இல்லத்தே. பக்கத்து வீட்டுல, பால் அடிப்பிடிக்குது" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அந்த அம்மா இன்னொரு தடவை மோந்து பார்த்தார். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எழுந்துபோய்ப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீ சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி சுளகை எடுத்துக்கொண்டார்.